எட்டு மேலங்கியும் ஒரு கழுத்துப்பட்டியும்

எத்தாளைக் கடற்கரையில் திடீரென்று வெடி கொளுத்தினார்கள்.

அமல்ராஜ் அப்போதுதான் படகின் இயந்திரத்தைக் கழற்றித் தோளில் வைத்திருந்தார். காதுக்குப் பக்கத்தில் படபடவென்று வெடித்ததும், இயந்திரம்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து அதை மணலில் போட்டார். பக்கத்தில் நின்ற மனைவி யூஜினியையும் இழுத்துக்கொண்டு மீன்வாடிக் கொட்டிலுக்குப் பின்னால் போய் விழுந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தபோது, புகைக்குள்ளிருந்து கோட் போட்ட எட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறிய நேரம். கடற்கரை மணல். எல்லோருக்கும் ஒரே நீல நிறக் கோட், எல்லாப் பொத்தான்களும் பூட்டியிருந்தன. ஊரில் யாரோ பெரிய ஆள் செத்துப்போய்விட்டார் என்றுதான் அமல்ராஜுக்கு முதலில் தோன்றியது.

"பயப்பட வாணாம் அமல் அண்ணன். நல்ல விசயத்துக்குத்தான் வந்தீக்கிறம்."

சொன்னவர் ஃபைஸல். கற்பிட்டியில் கைபேசிக் கடை வைத்திருப்பவர். கோட் போட்டால் அவர் புத்தளம் மாவட்டக் கரையோர மெய்வல்லுநர் மேம்பாட்டுச் சம்மேளனத்தின் செயலாளர். அவருக்கு முன்னால் வந்தவர் சம்மேளனத்தின் தலைவர் அல்பிறட். பல வருடங்களாக அவர்தான் தலைவர். அவர் ஓடியதை எவரும் கண்டதில்லை. பதவியிலிருந்து விலகியதையும் எவரும் கண்டதில்லை.

தலைவர் கையில் மாலை இருந்தது. சுற்றிப் பார்த்தார். மீன் வாங்கக் கூடையுடன் வந்து நின்ற அல்பொன்சாவின் கழுத்தில் அதைப் போட்டார். அல்பொன்சாவுக்கு நாற்பது வயது. கருவாடு போடுகிறவர்.

"ஐயா, நான் மீனுக்கு வந்தனான்" என்றார் அல்பொன்சா.

"இந்த அடக்கம்தான் பிள்ளை உன்னை உயர்த்தியிருக்கு. நல்லா ஓட வேணும்" என்று தலைவர் அவருடைய தலையில் கைவைத்தார். அதற்குள் படமும் எடுத்தாகிவிட்டது.

உண்மையில் ஓடுகிற பிள்ளை அமல்ராஜின் மகள் டிலுக்ஷி. பதினாறு வயது. அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கோலாலம்பூரில் நடக்கவிருந்த ஆசியக் கரையோர இளையோர் மெய்வல்லுநர் போட்டியில், ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓட்டத்துக்கு அவள் தெரிவாகியிருந்தாள். இதை ஃபைஸல் தலைவரின் காதுக்குள் சொன்னார். தலைவர் தலையாட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

"அன்பார்ந்த மீனவப் பெருமக்களே, இந்த வெற்றி யாருடையது? ஓடிய பிள்ளையுடையது என்று நீங்கள் நினைக்கக்கூடும். அது உங்கள் பெருந்தன்மை. ஓடுவது காலுள்ள எவராலும் முடிந்த காரியம். ஆனால் ஓட்டத்துக்கு ஒரு சம்மேளனம், சம்மேளனத்துக்கு ஒரு சட்ட யாப்பு, யாப்புக்கு ஒரு தலைவர், இதெல்லாம் இலேசில் அமைவதல்ல. ஓடுகிறவர்கள் நாலு வருடம் ஓடுவார்கள், பிறகு கல்யாணம் கட்டுவார்கள். நாங்கள் அன்றும் இருந்தோம், இன்றும் இருக்கிறோம், உங்கள் பேரப்பிள்ளைகள் ஓடும்போதும் இருப்போம்."

கடற்கரையில் நின்றவர்கள் இதைக் கேட்டுக் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். கோட் போட்டவர்கள் தட்டினார்கள்.

பிறகு ஃபைஸல்தான் விசயத்தை விளக்கினார். போட்டியை நடத்துகிறவர்கள் பத்துப் பேருக்குப் பயணச்சீட்டு அனுப்பியிருந்தார்கள். ஓட்டக்காரர் ஒன்பது பேர் வரை வரலாம் என்பது அவர்கள் சொன்னது. ஒருவர் வந்தாலும் அது ஒன்பது வரைக்குள் அடங்கும் என்பது சம்மேளனத்தின் முடிவு. ஆகவே டிலுக்ஷி ஒருத்தி, நிர்வாகிகள் எட்டுப் பேர். மிச்சம் ஒன்று. அதற்குத் தலைவரின் மச்சானைக் கொண்டுபோகத்தான் தீர்மானித்திருந்தார்கள். ஆனால் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையுடன் தாயோ தகப்பனோ கட்டாயம் வர வேண்டுமாம். வராவிட்டால் பிள்ளை வர முடியாது. பிள்ளை வராவிட்டால் மற்றவர்களும் வர முடியாது.

"நாங்களும் எழுதிக் கேட்டுப் பாத்தம் அண்ணன். மாட்டவே மாட்டம் எண்டுட்டாங்க" என்று ஃபைஸல் உண்மையான வருத்தத்துடன் சொன்னார். "அதனால நீங்களும் வரணும்."

போகும்போது பிள்ளைக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். கோட் எட்டுடன் துணி முடிந்துபோனதால், மிஞ்சிய துண்டில் தைத்த ஒரு கழுத்துப்பட்டி அதற்குள் இருந்தது.

பள்ளிக்கூடத்தால் வந்த டிலுக்ஷி கழுத்துப்பட்டியைப் பார்த்துச் சிரித்தாள். அதை நாய்க்குட்டிக்குக் கட்டிவிட்டு வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, நீங்க வாறது உண்மைதானே?"

"ஓம் எண்டுதான் சொல்லிட்டுப் போறாங்கள்."

"அப்ப எனக்குத் துணி காட்டுவீங்களோ?"

அமல்ராஜ் மகள் ஓடியதை ஒருநாளும் பார்த்ததில்லை. கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில்தான் போட்டிகளையும் வைப்பார்கள். அவள் ஓடி முடித்துக் கோப்பையுடன் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் கரைக்கு வருவார். ஆனால் அவர் கரைக்கு வருவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். காற்றுக் கடுமையான நாட்களில் படகை அலை உடைகிற இடத்துக்கு வெளியே நிறுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். கரையைப் பார்த்து நிற்கிறவனுக்குப் பின்னால் வரும் அலை தெரியாது. கரையில் நிற்கிற ஆள்தான் அதைப் பார்த்துத் துணி காட்டுவார். துணியை ஒரு பக்கமாக நீட்டிப் பிடித்தால், பொறு. தலைக்கு மேலே சுழற்றினால், இப்ப விடு, முழு வேகத்தில் வா. பத்து வயதிலிருந்து அமல்ராஜின் படகுக்குத் துணி காட்டுவது டிலுக்ஷிதான். ஒருமுறைகூட அவள் பிழையாகச் சுழற்றியதில்லை. சுழற்றியிருந்தால் அமல்ராஜ் இப்போது கரையில் இருந்து கதைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

"கடைசிச் சுற்றிலதான் அப்பா எனக்குப் பிழைக்குது" என்றாள். "ஒண்டில் வெள்ளன வேகத்தைக் கூட்டி மூச்சு முடிஞ்சிடும், இல்லாட்டிப் பிந்திடும். பயிற்சி தாற சேர் கத்துறது காதில விழாது. எல்லாரும்தானே கத்துறாங்கள். துணி எண்டால் கண்ணுக்குத் தெரியும்."

"எனக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும் பிள்ளை?"

"எனக்குப் படகைப் பற்றி என்ன தெரிஞ்சது? நான் அலையைத்தானே பாத்தனான். நீங்களும் பாருங்க. ஆர் உடையப் போறாள் எண்டு உங்களுக்குத் தெரியும்."

யூஜினி தன் பழைய சிவப்புச் சேலையில் பாதியைக் கிழித்து மடித்து அமல்ராஜின் பையில் வைத்தார்.

விமான நிலையத்தில் டிலுக்ஷி தலைவரிடம் போய், "வணக்கம் சேர்" என்றாள். தலைவர் கைபேசியில் கதைத்துக்கொண்டே தன் பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியை அவளிடம் கொடுத்தார். அவள் அதைத் தள்ளிக்கொண்டு போனாள். கோலாலம்பூரில் இறங்கியதும் போட்டியாளர்களை மட்டும் விடுதிக்கு அழைத்துப்போக வேறு பஸ் நின்றது. அவள் அதில் ஏறிப் போனாள். அவள் போய்விட்டதை அமல்ராஜைத் தவிர வேறெவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தள்ளுவண்டியை இனி யார் தள்ளுவது என்று மட்டும் ஒருவர் கேட்டார்.

நிர்வாகிகளுக்குத் தனிச் சிறிய பஸ். அதன் சாரதி சரவணன், அந்த ஊர்த் தமிழர்.

"மைதானத்துக்கா சார்?" என்று அவர் கேட்டார்.

"நிகழ்ச்சி நிரல்படி போவம்" என்றார் தலைவர்.

நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக இரட்டைக் கோபுரம் இருந்தது. 'உயரமான கட்டடங்களும் உயரம் பாய்தலும்: ஓர் ஒப்பீட்டு ஆய்வு' என்று அதற்குப் பெயர் போட்டிருந்தார்கள்.

கோபுரத்துக்கு முன்னால் பதாகையை விரித்தார்கள். நீளமான மஞ்சள் துணி, இரண்டு நுனியிலும் தடி. ஒரு பக்கத்தில் தலைவரின் முகம், சோற்றுத் தட்டளவு பெரிதாக. நடுவில் சம்மேளனத்தின் பெயர். அது நீளமான பெயர் என்பதால் டிலுக்ஷியின் பெயருக்கு இடம் போதவில்லை. பதாகையைக் காவிச் சுமக்கிற பொறுப்பை விமானத்திலேயே கூட்டம் வைத்து அமல்ராஜுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் ஆட்சேபிக்கவில்லை. கூட்டம் நடந்தபோது அவர் நித்திரையில் இருந்தார்.

படம் எடுக்க வெகுநேரம் பிடித்தது. சம்மேளனத்துக்கு மூன்று உபதலைவர்கள். தலைவரின் வலப்பக்கத்தில் உபதலைவர் நிற்க வேண்டும் என்று யாப்புச் சொல்கிறது. வலப்பக்கம் ஒன்றுதான் இருந்தது. மூவரும் முறைவைத்து நின்று மூன்று படம் எடுப்பது என்று முடிவானது. எந்தப் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுப்பது என்பதில் திரும்பவும் பிரச்சினை வந்தது. அது தீர்வதற்குள் வெயில் கோபுரத்துக்குப் பின்னால் போய்விட்டது.

"அமல்ராஜ், கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்க. கை மட்டும் தெரிஞ்சால் போதும்" என்றார் தலைவர்.

அந்தப் பயணத்தின் எல்லாப் படங்களிலும் அமல்ராஜின் கை இருக்கிறது.

அடுத்த நாள் மீன்காட்சிச்சாலை. நிரலில் அதன் பெயர் 'கடல்வள ஆய்வு'. கண்ணாடிக் குகைக்குள் நடந்து போனால் தலைக்கு மேலே மீன்கள் போயின. எட்டுக் கோட்டும் வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டு நடந்தன. அமல்ராஜ் பதாகையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போனார். ஊரில் விட்டுவிட்டு வந்த கடலுக்கே திரும்பி வந்ததுபோல் அவருக்கு இருந்தது. வலை மட்டும்தான் இல்லை.

"இது என்ன மீன்?" என்று ஓர் உபதலைவர் கேட்டார். கரையோர விவகாரங்களுக்குப் பொறுப்பான உபதலைவர்.

"திருக்கை ஐயா."

"திருக்கை இப்பிடியோ இருக்கும்? நான் கறியிலதான் பாத்திருக்கிறன்."

பொருளாளர் ஒரு பெரிய கட்டா மீனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தலைவர் கண்ணாடியில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி, "எங்கட புத்தளம் மாவட்டத்திலதான் மீன் பாக்க இப்பிடி ஒரு இடமில்லை" என்றார்.

அவர் பகிடி விடுகிறார் என்று அமல்ராஜ் நினைத்தார். முகத்தைப் பார்த்தார். பகிடியில்லை. ஃபைஸல் அதைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"ஃபைஸல் நானா, மைதானத்துக்கு எப்ப போறம்?" என்று அமல்ராஜ் மெதுவாகக் கேட்டார். இறங்கிய நாளிலிருந்து அவர் கேட்கும் ஒரே கேள்வி அதுதான்.

"நிரல்ல ஈக்கிது அண்ணன். ஓட்டம் நாளைக்குப் பின்னேரம்தானே. ஏன் அவசரப்படுறீங்க?"

"பிள்ளை பாத்துக்கொண்டு நிப்பாள்."

"அவள் ஓடாம உங்களை ஏன் பாக்கிற?"

அமல்ராஜ் பதாகையை மற்றத் தோளுக்கு மாற்றினார். துணி காட்டுவதைப் பற்றி ஃபைஸலிடம் சொன்னால், அதற்கும் தனிக் குழு ஒன்று போட்டுவிடுவார்கள் என்று பயந்தார்.

மறுநாள் காலை ஹோட்டல் முழுவதும் அபாய மணி அலறியது.

தலைவருக்கு அந்த நாட்டுக் காலைச் சாப்பாடு பிடிக்கவில்லை. பொருளாளர் ஊரிலிருந்து கட்டாக் கருவாடு கொண்டுவந்திருந்தார், அல்பொன்சா போட்ட கருவாடு. இரண்டு பேருமாக அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, அயன் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கருவாட்டைச் சுட்டார்கள். கற்பிட்டியில் இப்படிச் சுட்டால் பக்கத்து வீட்டுப் பூனை வரும். இங்கே தீயணைப்பு வண்டி வந்தது. பதினாலு மாடியிலிருந்தும் ஆட்கள் படிகளால் இறங்கித் தெருவில் நின்றார்கள். சம்மேளனம் இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே கோட் போட்டபடி நின்றது. அயன் பெட்டியைக் கையில் வைத்திருந்த தீயணைப்பு அதிகாரி ஏதோ கேட்டார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போனார்.

"எங்கள் மாவட்டத்தின் பண்பாட்டு மணம் இந்த மாநகரின் வானில் கலந்த நாள் இது" என்று தொடங்கினார்.

சரவணன் அதை மொழிபெயர்க்கவில்லை. வேறென்னவோ சொல்லிக் கைகூப்பினார்.

ஹோட்டல்காரர்கள் உடனே வெளியேறச் சொன்னார்கள். பைகளையெல்லாம் அவர்களே கொண்டுவந்து வண்டியின் அடியில் அடைத்துப் பூட்டினார்கள். சிவப்புச் சேலைத் துண்டு இருந்த பை எல்லாவற்றுக்கும் அடியில் போனது. பதாகைக்கு அங்கே இடமில்லை. அதை அமல்ராஜ் மடியில் வைத்துக்கொண்டு உள்ளே இருந்தார். வேறு ஹோட்டல் தேடி, நான்கு இடத்தில் விசாரித்து, கருவாட்டு வாசனை பிடித்த கோட்டுகளைப் பார்த்து நான்கிலும் இடமில்லை என்று சொல்லிவிட, கடைசியில் ஊருக்கு வெளியே ஒன்று கிடைத்தபோது பின்னேரமாகிவிட்டது. அங்கே போகும் வழியில் வாகன நெரிசலில் வண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், உயரமான விளக்குக் கம்பங்கள் தெரிந்தன.

"அதுதான் மைதானம்" என்றார் சரவணன். "இறங்கி நடந்தா பக்கம்தான்."

அமல்ராஜ் எழுந்தார். தலைவரும் எழுந்தார்.

"கூட்டம் கூடியிருப்பதால் ஒரு விசயத்தைத் தீர்மானிச்சுக்கொள்ளுவம்" என்றார் தலைவர். "மைதானத்துக்குப் போவதா, அல்லது நிரலில் அடுத்ததாக இருக்கிற வணிக வளாகத்துக்குப் போவதா? வளாகம் எட்டு மணிக்குப் பூட்டிடும்."

"ஓட்டம் இப்ப தொடங்கப் போகுது ஐயா" என்றார் அமல்ராஜ்.

"அதைத்தான் நானும் சொல்ல வாறன்." தலைவர் வண்டியின் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரல் மாறியது. "நண்பர்களே, நாங்கள் போனால் என்ன நடக்கும்? எட்டு நிர்வாகிகள் ஒன்றாக வந்து நிற்பதைக் கண்டால் ஒரு சிறு பிள்ளையின் மனம் பதறாதா? நாங்கள் பார்க்கிறோம் என்கிற பாரத்தை அவள் தலையில் ஏற்றலாமா? ஒரு நல்ல நிர்வாகி ஓட்டக்காரனுக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி, அவன் ஓடும்போது அங்கே இல்லாமலிருப்பது. என்னுடைய பதவிக் காலம் முழுவதும் நான் இந்தக் கொள்கையிலிருந்து ஒருநாளும் விலகியதில்லை."

பொருளாளர் முன்மொழிந்தார். ஓர் உபதலைவர் வழிமொழிந்தார். மற்ற இரண்டு உபதலைவர்களும், வழிமொழிய வேண்டியது தாங்கள்தான் என்று சண்டை பிடித்தார்கள்.

"ஐயா, நான் மட்டும் போறன்."

"பதாகையைக் காவுறவர் போனால் வளாகத்தில படம் எப்பிடி எடுக்கிறது?" என்று தலைவர் கேட்டார். கோபமில்லை. ஒரு நியாயத்தை விளங்கப்படுத்துகிற குரல்தான். "இருங்க அமல்ராஜ். நாளைக்குப் பிள்ளையிட்டையே கேட்டால் சொல்லுவாள்தானே எத்தனையாவதெண்டு."

அமல்ராஜ் சரவணனைப் பார்த்தார். சரவணன் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். கதவு புஸ்ஸென்று திறந்தது.

"பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்குங்க அண்ணே. நேரா நடந்தா நீல வாசல்" என்றார் சரவணன்.

இறங்கி ஓடத் தொடங்கிய பிறகுதான், பதாகையும் தோளில் இருக்கிறது என்பது அமல்ராஜுக்குத் தெரிந்தது. பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். அவர் பெயரைச் சொல்லியல்ல. "பதாகை, பதாகை" என்று கூப்பிட்டார்கள்.

நீல வாசலில் காவல்காரன் தடிகளைக் காட்டி, உள்ளே விடமாட்டேன் என்று கையசைத்தான். அமல்ராஜ் தடிகள் இரண்டையும் உருவி அவன் காலடியில் போட்டுவிட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பதினொரு பேர். எது தன் பிள்ளை என்று முதலில் தெரியவில்லை. பிறகு கண்டுபிடித்தார். ஆறாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். ஓடும்போது அவள் இப்படி இருப்பாள் என்று அவருக்கு இவ்வளவு நாளும் தெரியாது. தோள் அசையவில்லை, கால்கள் மட்டும் தங்கள்பாட்டில் போய்க்கொண்டிருந்தன. ஆனால் தலை திரும்பித் திரும்பி இருக்கைகளையே பார்த்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். தேடிக்கொண்டே ஓடுகிறாள்.

அமல்ராஜ் ஆட்களை விலக்கிக்கொண்டு கடைசி வளைவின் கம்பி வேலிக்கு வந்தார். பதாகையை உதறி விரித்து ஒரு பக்கமாக நீட்டிப் பிடித்தார்.

பொறு.

எதிர்ப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த டிலுக்ஷியின் தலை நின்றது. நேராகத் துணியைப் பார்த்தது. அதற்குப் பிறகு அது எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். கூட்டம் எழுந்து கத்தியது. ஒருத்தி டிலுக்ஷியைத் தாண்டினாள். பிறகு இன்னொருத்தியும். அமல்ராஜின் கையில் துணி அசையவில்லை. முன்னால் போகிற ஏழு பேரையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமாக எழும்பி வருகிற அலை கரைக்கு வராது, நடுவிலேயே விழும். அவர்களுடைய தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. முதல் இரண்டு பேரும் எப்படியோ வந்துவிடுவார்கள். மற்றவர்கள் உடையப் போகிறார்கள். இன்னும் இல்லை. இன்னும் இல்லை. அவள் கேட்கிறாளா? கேட்கிறாள். எட்டாவதாகப் போன பிறகும் பொறுத்துக்கொண்டுதான் வருகிறாள்.

மூன்றாவதாகப் போனவளின் கால் ஒருமுறை பிசகியது.

அமல்ராஜ் பதாகையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றினார். தலைவரின் முகம் தலைகீழாக வானத்தில் சுற்றியது.

டிலுக்ஷி முழு வேகத்தில் விட்டாள். வளைவில் ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியை, இன்னொருத்தியை, இன்னும் ஒருத்தியை. அமல்ராஜுக்கு முன்னால் அவள் போனபோது காற்றடித்தது. பிறகு கண்ணில் தண்ணீர் வந்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மலாய்ப் பெண் மூன்று விரலைக் காட்டியபோதுதான் விளங்கியது.

பதக்கத்துடன் வேலிக்கு வந்த டிலுக்ஷி, "ஏனப்பா பிந்தினீங்க?" என்றாள்.

"கருவாடு சுட்டவங்கள் பிள்ளை."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சம்மேளனம் மூன்றாமிடம் பெற்றுத் திரும்பியதாகப் பத்திரிகையில் வந்தது. புத்தளத்தில் வரவேற்பு நடந்தது. சுங்கத்தில் காட்ட வேண்டும் என்று டிலுக்ஷியிடம் வாங்கிய பதக்கத்தைத் தலைவர் கழுத்தில் போட்டுக்கொண்டு திறந்த வாகனத்தில் வந்தார். டிலுக்ஷிக்கு அன்று பரீட்சை. அவளைக் காணவில்லை என்று எவரும் கேட்கவுமில்லை.

வரவேற்பு முடிந்த மறுவாரம் அமல்ராஜை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

சம்மேளனத்தின் அலுவலகத்தில் நீள மேசைக்குப் பின்னால் எட்டுப் பேரும் இருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு கதிரை. மின்விசிறி அவர்கள் பக்கத்தில் மட்டும் சுற்றியது. உள்ளே வருமுன் ஃபைஸல் வாசலில் வைத்து அமல்ராஜின் கையைப் பிடித்தார்.

"அண்ணன், ஒண்டும் கதைக்க வாணாம். மன்னிப்பு எண்டு ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போங்க. தேசியப் போட்டிக்குத் தலைவர்ட கையெழுத்து இல்லாம பிள்ளையால போக ஏலாது. தெரியும்தானே?"

தெரியும். அதற்காகத்தான் கடலுக்குப் போகாமல், இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் வந்திருந்தார்.

ஃபைஸல் குற்றங்களை வாசித்தார். சம்மேளனத்தின் பதாகையை அனுமதியின்றிப் போட்டி நடைபெறும் இடத்துக்குக் கொண்டுசென்றமை. அதனால் வணிக வளாகம், தொங்கூர்தி, இரவுச் சந்தை ஆகிய மூன்று ஆய்வுகளும் பதாகையில்லாமல் நடந்தமை. தடிகள் இரண்டையும் வெளிநாட்டில் கைவிட்டமை. தலைவரின் உருவத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் சுழற்றியமை.

"சுழற்றினீங்களோ?" என்று ஓர் உபதலைவர் கேட்டார்.

"ஓம் ஐயா."

"எந்தப் பக்கமாக?"

அமல்ராஜ் யோசித்தார். "வலப்பக்கமாக."

மூன்று உபதலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன் சுழற்றினீங்க?" என்றார் பொருளாளர்.

"துணி காட்டினனான் ஐயா. பிள்ளைக்கு."

"எந்தப் பிள்ளைக்கு?"

அதற்குள் தலைவர் கையைத் தூக்கினார். தனக்கு முன்னால் கிடந்த பத்திரிகையை எடுத்து விரித்தார். கோலாலம்பூரில் எவரோ எடுத்து, இங்கே பெரிதாகப் போட்டிருந்த படம். பின்னால் கம்பி வேலியில் மஞ்சள் பதாகை தலைகீழாகப் பறக்கிறது, அதைப் பிடித்திருக்கும் அமல்ராஜின் கை தெரிகிறது. முன்னால், இரண்டு காலும் நிலத்தில் படாமல், வாயைத் திறந்தபடி டிலுக்ஷி. அவளுடைய பறக்கும் பின்னல் தலைவரின் முகத்தில் பாதியை மூடியிருந்தது.

"அமல்ராஜ், நீங்க ஏழை மனிசன். தெரியாமச் செய்திட்டீங்க. தலைகீழாப் பிடிச்சதைக்கூட நான் மன்னிப்பன்" என்று தலைவர் பெருந்தன்மையுடன் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. படத்தில் விரலை வைத்தார்.

"எல்லாம் சரி. என்ட முகத்தை மறைச்சுக்கொண்டு குறுக்கால ஓடுற இந்தப் பிள்ளை ஆரு?"